தூரன் கீர்த்தனைகளும் கொங்குநாட்டுப் பாட்டு மரபும்

தென்னாட்டு இசையரங்குகளில் தமிழ்க் கீர்த்தனைகள் பாடப்பெறுங்கால், பாபநாசம் சிவனுடைய பெயரோடு சேர்த்துப் பெரிதும் கேட்கப்பெறும் பெயர்களுள் ஒன்று பெரியசாமித் தூரன் என்பது. பாட்டும் இசையும் ஒருங்கே கைவரப்பெற்றோரை வாக்கேயக்காரர் என்று இசைநூலார் வழங்குவர். அவ்வரிசையில் வைத்து எண்ணப்பெறும் இவர் இயற்றியவை ஏறத்தாழ 600 என்பர். இவரைப்பற்றி எழுதுவோர் பெரும்பாலும் இருவழிகளுள் ஒன்றை மேற்கொள்கின்றனர். ஒருசாரார், கலைக்களஞ்சியத்தின் முதன்மை ஆசிரியராக இவரைக் கண்டு, கீர்த்தனைகளை ஓய்வுக்காலப் பணியாகக் கூறிச் செல்வர். மற்றொரு சாரார், 1940களில் எழுந்த தமிழிசை இயக்கத்தின் விளைபொருளாக அவற்றைக் கொள்வர். இவ்விரண்டும் பிழையல்ல, ஆயினும் போதா. இயக்கம் ஒருவர்க்கு மேடையைத் தரலாம். சொல்லைத் தருதல் அரிது. தூரனுடைய சொல் எங்கிருந்து வந்தது என்பதே ஈண்டு எம் வினா.

விடையைத் தேடும் முயற்சியை அவர் பெயரிலிருந்தே தொடங்கலாம். ம. ப. பெரியசாமித் தூரன் என்பதில் முதலெழுத்து மஞ்சக்காட்டுவலசு என்னும் ஊரையும், இரண்டாம் எழுத்துப் பழனிவேலப்பக் கவுண்டர் என்னும் தந்தையையும் குறிப்பன. தாயார் பாவாத்தாள். அவ்வூர் ஈரோட்டுக்குத் தெற்கே மொடக்குறிச்சியை அடுத்துள்ளது. அவர் பிறந்த 1908ஆம் ஆண்டில் அது பழைய கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சார்ந்திருந்தது. வலசு என்று முடியும் ஊர்கள் கொங்குநாட்டில் மிகப் பல. ஓரிடத்தினின்றும் பெயர்ந்து வந்தோர் அமைத்த சிற்றூரையே அச்சொல் முதலிற் குறித்தது என்பர். வலசை என்பதனோடு அதன் உறவு வெளிப்படை.

இனி, தூரன் என்பது புனைபெயர் அன்று. கொங்கு வேளாளர் பல கூட்டங்களாகப் பகுக்கப்பெற்றவர். கண்ணன், ஆந்துவன், சாத்தந்தை, பயிரன், காடை, விளையன் என்றாற்போல வழங்கும் அக்கூட்டங்களுள் தூரன் என்பதும் ஒன்று. ஒரு கூட்டத்தார் எவ்வூரில் வாழினும் தம்முள் பங்காளிகளே; அவர்க்குள் மணவினை இல்லை. கொங்குநாட்டில் இருவர் முதன்முறை சந்திக்குங்கால், ஊர்ப் பெயருக்கு அடுத்துக் கேட்கப்பெறுவது பெரும்பாலும் கூட்டத்தின் பெயராகும். இஃது அறியாத பிறபகுதி அன்பர் சிலர், தூரன் என்றால் தூரத்தில் நிற்பவன் என்று நயம்படப் பொருள் கூறக் கேட்டுள்ளோம். அழகிய விளக்கம்தான், ஆனால் உண்மை அதற்கு நேர்மாறானது. தொலைவைக் காட்டும் பெயரன்று அது. உறவைக் காட்டும் பெயர். கவுண்டர் என்னும் பொதுப்பட்டத்தை விடுத்து அதனினும் பழைய கூட்டப் பெயரை அவர் தம் பெயரோடு இணைத்துக்கொண்டமை கருதத்தக்கது. தந்தையின் பெயரோ பழனி வேலவனுடையது. ஊர், குலம், தெய்வம் என்னும் மூன்றும் அவர் பெயருக்குள்ளேயே அடங்கிக் கிடக்கின்றன.

கொங்குநாட்டை இசையில்லாப் புன்செய் நிலமாகவும், காவிரிக் கழிமுகத்தையே இசையின் ஒரே விளைநிலமாகவும் கருதும் வழக்கம் உண்டு. இது பொருந்தாது. யாழ்வல்ல உதயணன் கதையாகிய பெருங்கதையை இயற்றிய கொங்குவேளிர் விசயமங்கலத்தவர் என்பது மரபு. சிலப்பதிகாரத்தின் இசைப்பகுதிகளை நாம் இன்று ஓரளவேனும் அறிந்துகொள்ளத் துணைநிற்கும் உரையாசிரியர் அடியார்க்குநல்லாரைக் கொங்குநாட்டு நிரம்பையைச் சார்ந்தவராகக் கூறுவர். மொடக்குறிச்சிக்கு அணித்தான அறச்சலூர் மலைக்குகையில், ஆடலுக்குரிய தாளவெழுத்துக்களை எப்பக்கமிருந்து படிப்பினும் ஒத்துவருமாறு கட்டம் கட்டமாகப் பொறித்த தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு ஒன்றும் உண்டு. அதனைப் பொறித்தவன் தேவன் சாத்தன் என்னும் வண்ணக்கன். இவற்றிலிருந்து தூரன் வரை ஒரு நேர்கோடு இழுத்துவிடலாம் என்னும் ஆசை எவர்க்கும் எழும். அவ்வாசையை யாம் அடக்கிக்கொள்கின்றோம். குகையிலுள்ள எழுத்து வலசிலுள்ள சிறுவன் செவியிற் புகுந்து பாட்டாவதில்லை. அவன் செவியிற் புகுந்தவை வேறு.

அவை யாவை? திருமணப் பந்தலில், குடிமகன் என்று வழங்கப்பெறும் நாவிதர் நின்று சொல்லும் மங்கல வாழ்த்து ஒன்று. கம்பர் பாடியதாகக் கொங்குமக்கள் போற்றும் அவ்வாழ்த்தில், அடிதோறும் மேளம் ஒரு தட்டுத் தட்டி நிறுத்தும். சொல் முன்னே செல்ல, கொட்டு அதன் முற்றுப்புள்ளியாக நிற்கும். ஊர்க்கோயிலில் இரவு முழுவதும் உடுக்கையொலியோடு பாடப்பெறும் அண்ணன்மார் கதை மற்றொன்று. பொன்னர் சங்கர் வரலாறாகிய அதில் உரையும் பாட்டும் மாறிமாறி வரும். கும்மியும் ஒயிலும் வேறு. இவற்றுக்கெல்லாம் மேலாகக் கிணற்றுமேட்டில் கவலை இறைப்போர் பாடிய பாட்டு. எருதிணை சரிவில் இறங்குங்கால் தோற்பை நீரோடு மேலே வரும். பின்னே நடந்து ஏறுங்கால் பை கிணற்றுள் இறங்கும். இவ்விரு அசைவுகளுக்கும் இடையே விடியல் முதல் வெயில் ஏறும்வரை பாடுவோன் மூச்சு அடங்கி அமையவேண்டும். பழனிக்குச் செல்லும் காவடிகளின் பாட்டையும் இங்கே சேர்த்தல் வேண்டும். பங்குனி உத்திரத்தின்போது கொடுமுடிக் காவிரியிலிருந்து தீர்த்தம் முகந்து பழனிக்கு நடந்து செல்லும் வழக்கம் அப்பகுதியில் இன்றும் உண்டு. அக்கொடுமுடியிலேதான் தூரன் பிறந்த 1908ஆம் ஆண்டிலேயே கே. பி. சுந்தராம்பாள் பிறந்தார். ஒருவர் குரலாலும் மற்றவர் சொல்லாலும் பழனியாண்டவனைத் தமிழகமெங்கும் கேட்கச் செய்தனர் என்பது தற்செயலே. எனினும் இனிய தற்செயல்.

இப்பாட்டுக்கள் அனைத்துக்கும் பொதுவான இயல்பொன்றைச் சுட்டுதல் வேண்டும். இவை காலுக்கும் கைக்கும் பாடப்பெற்றவை. நடையோ, இறைப்போ, கும்மியோ, ஒரு செயலைத் தாங்கி நிற்பது பாட்டு. கீர்த்தனை என்பதோ அதற்கு மாறாக இராகத்தைத் தாங்கி நிற்பது. முன்னதில் சொற்கள் நெருங்கி வரும். பின்னதில் சொற்கள் சுருங்கி, நெட்டுயிர்கள் விரிந்து, சங்கதிகளுக்கு இடந்தரும். முன்னதில் பாடுவோன் நிற்றல் இயலாது. பின்னதில் பாடுவோன் அமர்ந்தாலன்றி இயலாது. இவ்விரண்டையும் ஒருவர் எவ்வாறு இணைத்தார் என்பதிலேயே தூரனுடைய தனித்தன்மை புலப்படும்.

அவர்தம் வாழ்க்கையை விரித்துரைக்க வேண்டுவதில்லை. ஈரோட்டில் பள்ளிக் கல்வி. சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம். 1931 மார்ச்சுத் திங்களில் பகத்சிங் தூக்கிலிடப்பட்டபோது தேர்வெழுத மறுத்து வெளியேறியமை. நண்பர்களோடு நடத்திய 'பித்தன்' என்னும் இதழ். கோபிசெட்டிபாளையத்திலும், பின்னர் தி. சு. அவினாசிலிங்கம் நிறுவிய பெரியநாயக்கன்பாளையம் இராமகிருஷ்ண வித்தியாலயத்திலும் ஆசிரியப் பணி. தமிழ் வளர்ச்சிக் கழகத்தின் கலைக்களஞ்சியப் பணிக்காக 1948இல் சென்னை சென்றார். அதன் பத்துத் தொகுதிகள் 1954 முதல் 1968 வரை வெளிவந்தன. அதன்பின் குழந்தைகள் கலைக்களஞ்சியம். 1968இல் பத்மபூஷண் விருதும், 1972இல் தமிழிசைச் சங்கத்தின் இசைப்பேரறிஞர் பட்டமும் பெற்றார். 1987 சனவரியில் மறைந்தார். நாற்பதாண்டு வயதுவரை அவர் பெரிதும் கொங்குநாட்டில் வாழ்ந்தவர் என்பதும், பல்கலைக்கழக வளாகத்துக் களஞ்சிய அறைக்கு அவர் தம் செவியை நிரப்பிக்கொண்டே சென்றார் என்பதும் எம் ஆராய்ச்சிக்குப் போதும்.

தமிழிசை இயக்கம் அவர்க்கு வாயிலைத் திறந்தது என்பதில் ஐயமில்லை. அண்ணாமலை அரசரின் ஆதரவில் 1941இல் சிதம்பரத்தில் கூடிய தமிழிசை மாநாடும், 1943இல் சென்னையில் தோன்றிய தமிழிசைச் சங்கமும் புதிய தமிழ் உருப்படிகளுக்குப் பெருந்தேவையை உண்டாக்கின. அச்சங்கத்தை முன்னின்று நடத்தியவருள் ஒருவரான ஆர். கே. சண்முகம் செட்டியார் கோவையைச் சார்ந்தவர். ஈரோட்டவரான பெரியாரோ தமிழில் பாடுதலை வரவேற்றார். ஆனால் பாடுபொருள் கடவுளாகவே இருத்தல் ஏன் என்றும் வினவினார். மொழி மாறினால் போதுமா, பொருளும் மாறவேண்டாவா என்னும் அவ்வினாவுக்குத் தூரன் விடை கூற முற்படவில்லை. அவர் பாடற்பொருள் பெரும்பான்மையும் பத்தியே. ஆயினும் பத்தியைச் சொல்லும் குரலை அவர் மாற்றினார் என்று யாம் கருதுகின்றோம். அதனை இனிப் பாடல்களைக் கொண்டு காண்போம்.

அரங்குகளில் மிகுதியும் வழங்கும் அவர் உருப்படிகளை அவை இன்று பாடப்பெறும் இராகங்களோடு எண்ணிப் பார்த்தல் தகும். 'ஞான விநாயகனே' கம்பீரநாட்டை. 'முருகா முருகா' சாவேரி. 'தாயே திரிபுரசுந்தரி' சுத்தசாவேரி. 'புண்ணியம் ஒரு கோடி' கீரவாணி. இவை ஒரு தொகுதி. 'கலியுக வரதன்' பிருந்தாவன சாரங்கா. 'எங்கு நான் செல்வேன்' துவிஜாவந்தி. 'தொட்டுத் தொட்டு' பெஹாக். 'முரளிதர கோபாலா' மாண்டு. இவை வடநாட்டு மணம் வீசும் மற்றொரு தொகுதி. மாண்டு என்பது இராசபுதனத்து மக்கள் பாட்டிலிருந்து கிளைத்தது. துவிஜாவந்தியும் பெஹாக்கும் இந்துஸ்தானி மரபோடு உறவுடையன. 'அழகு தெய்வமாக' என்பதோ காவடிச்சிந்து. கீர்த்தனை மேடைக்கு நேரே நடைபாதையிலிருந்து ஏறிவந்தது. ஆகவே, தென்னாட்டு மரபிராகம், வடநாட்டு மெல்லிராகம், நாட்டுப்புறச் சிந்து என்னும் மூன்று ஓடைகள் இவரிடம் கலக்கின்றன.

இக்கலப்பு அக்காலத்துப் பிறரிடம் இல்லாததன்று. நாடகமேடை வாயிலாக வடநாட்டு மெட்டுக்கள் தமிழ்நாட்டு நகரங்கள்தோறும் ஏற்கெனவே பரவியிருந்தன. சிந்தினைக் கற்றோர் அவைக்குக் கொண்டுவந்த பெருமை சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியாருடையது. 1891இல் இளமையிலேயே மறைந்த அவர் கழுகுமலை முருகன்மீது பாடியவற்றை இன்றும் விஞ்சுவார் இலர். ஆகவே, மெட்டுக்களைக் கலந்தமை மட்டும் தூரனுடைய சிறப்பு என்று கூறுதல் ஆகாது. சிறப்பு வேறோரிடத்தில் உளது.

'முருகா முருகா' என்னும் உருப்படியைக் காண்க. மிச்ரசாபுத் தாளத்தில் அமைந்த அதன் எடுப்பு, விளி ஒன்றனை இருமுறை கூறுவதோடு தொடங்குகின்றது. அடைமொழி இல்லை; புராணக் குறிப்பு இல்லை; வடமொழித் தொகைநிலை இல்லை. சாவேரி போன்ற உருக்கம் மிகுந்த இராகத்தை ஆள முற்படும் புலவர் பொதுவாக நெடிய தொடர்களை நாடுவர். இவரோ, வழிநடையில் கால் தளர்ந்தவன் வாயில் தானே எழும் கூவுதலை எடுத்து இராகத்தின் தோள்மேல் வைத்துவிடுகின்றார். உகரத்தை அடுத்து வரும் ஈற்று நெடில், பாடகர்க்கு வேண்டிய நீட்சியைத் தானே தருகின்றது. காலுக்குப் பாடப்பெற்ற சொல், இங்கே இராகத்துக்குப் பாடப்பெறுகின்றது. சொல் மாறவில்லை, அதன் பணியே மாறியுள்ளது. இதனையே யாம் தூரனுடைய கலப்புமுறை என்று கூறுவோம். நாட்டுப்புற மெட்டைக் கீர்த்தனையில் ஒட்டவைத்தல் எளிது, ஒட்டியது தெரியும். நாட்டுப்புறத்தான் தெய்வத்தை விளிக்கும் முறையைக் கீர்த்தனையின் எடுப்பாக்குதல் அரிது. அதில் ஒட்டுத் தெரிவதில்லை.

'எங்கு நான் செல்வேன்' என்பதும் அத்தகையது. அது வினாவாகத் தொடங்குகின்றது. ஊரிலே முறையிடுவோன் பெரியோர்முன் நின்று கேட்கும் வினா அது. இலக்கியப் பத்தியின் வினாவன்று. 'தொட்டுத் தொட்டு' என்பதில் கண்ணனுடைய குறும்பைப் பெண்ணொருத்தி முறையிடுகின்றாள். அதன் இரட்டைக்கிளவி போன்ற அடுக்கு, கும்மியில் கைகொட்டும் இடத்தை நினைவூட்டும். 'கலியுக வரதன்' பழனியைப் பாடுவது. இதில் மட்டும் வடசொற்கள் சற்று மிகுதி. எனினும் பிருந்தாவன சாரங்காவின் எளிய ஓட்டம் அச்சொற்களை உறுத்தாமற் செய்துவிடுகின்றது. எல்லாப் பாடல்களும் ஒரே தரத்தன அல்ல என்பதையும் கூறுதல் முறை. 600 பாடல்கள் பாடிய எவர்க்கும் நிகழ்வதே இவர்க்கும் நிகழ்ந்தது. சிலவற்றில் வழக்கமான புகழுரைகள் வந்து நிரம்பி, பாடல் பாடகர்க்குக் கருவியாக மட்டும் நின்றுவிடுகின்றது. நல்லனவும் இடைப்பட்டனவும் கலந்த தொகுதிகளிலிருந்து அரங்கு தனக்கு வேண்டியவற்றைத் தானே தெரிந்துகொண்டது. அத்தெரிவு பெரும்பாலும் சரியாகவே அமைந்தது.

இத்துணையும் கூறியபின், மறுக்கவொண்ணாத ஒரு வினா எழுகின்றது. தூரன் கேட்டு வளர்ந்த பாட்டுக்கள் எவருடையவை? அவர் கூட்டம் நிலமுடையோர் கூட்டம். மங்கல வாழ்த்தைச் சொன்னவர் நாவிதர். உடுக்கை அடித்தவரும், கவலை ஓட்டியவரும், களத்தில் பாடிய பெண்டிரும் பெரும்பாலும் நிலமில்லாதவர். பாட்டு ஒருவருடையதாகவும் பெயர் மற்றொருவருடையதாகவும் அமைந்த சமுதாயம் அது. தூரன் இதனை உணராதவர் அல்லர். நாட்டுப்பாடல்களைத் தொகுத்து வெளியிட்ட முன்னோடிகளுள் அவரும் ஒருவர். அத்தொகுப்புக்கு அவர் இட்ட பெயர் 'காற்றிலே வந்த கவிதை'. அழகிய தலைப்பு, ஆயினும் எமக்கு உடன்பாடில்லாத தலைப்பு. கவிதை காற்றிலே வருவதில்லை. ஒருவர் வாயிலிருந்து வருகின்றது. அக்காலத்து நாட்டுப்பாடல் தொகுப்புக்கள் பலவற்றில் பாடினோர் பெயரைக் குறிக்கும் வழக்கமே இல்லை. பாட்டைப் பொதுச்சொத்தாகக் கொண்ட பெருந்தன்மை அதில் உண்டு. பாடினோரை மறந்த குறையும் அதனுள்ளேயே உண்டு.

பிற நாடுகளில் இது வேறு வகையாகவும் நிகழ்ந்துள்ளது. வங்கப் பிரிவினையை எதிர்த்து 1905இல் தாகூர் இயற்றி, இன்று வங்காளதேச நாட்டுப்பண்ணாக விளங்கும் பாடலின் மெட்டு, ககன் ஹர்கரா என்னும் அஞ்சற்காரர் பாடிய பாவுல் பாட்டினுடையது. அவ்வஞ்சற்காரர் பெயர் இன்றும் வரலாற்றில் நிற்கின்றது. அங்கேரி நாட்டுப் பார்த்தோக்கும் கோடாயும் ஒலிப்பதிவுக் கருவியோடு சிற்றூர்களுக்குச் சென்று மெட்டுக்களைத் திரட்டித் தம் படைப்புக்களுள் ஆண்டனர். அவர்கள் மெட்டை எடுத்தனர். தூரன் சொல்லை எடுத்தார். கொங்குநாட்டிலேயே பிரெண்டா பெக் என்னும் மானிடவியலார் காங்கேயத்துக்கு அருகே ஓலப்பாளையத்தில் தங்கி, 1965இல் அண்ணன்மார் கதையைப் பல இரவுகள் ஒலிநாடாவில் பதிவு செய்து, பாடியவர் இ. சி. இராமசாமி என்பதையும் உலகறியச் செய்தார். தம் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து கேட்டவர் எழுதாத பெயரைக் கடல்கடந்து வந்தவர் எழுதினார் என்பது கொங்குநாட்டாராகிய நமக்குச் சற்றே நாணம் தருவது.

இவ்விடத்தில் பாட்டின் மறைவைப் பற்றியும் ஒரு செய்தி. 1932இல் பைக்காரா நீர்மின்நிலையம் இயங்கத் தொடங்கியபின் கோவை மாவட்டத்துக் கிணறுகளுக்கு மின்சாரம் படிப்படியாக வந்தது. பஞ்சாலைகளுக்குப் பெயர்பெற்ற கோவையே நீரேற்றும் பொறிகளுக்கும் பெயர்பெற்றது. பொறி வந்த கிணற்றில் எருது நின்றது. எருது நின்ற இடத்தில் பாட்டும் நின்றது. கவலைப் பாட்டைக் கேட்டு வளர்ந்த தலைமுறையும், அதனைக் கேட்டறியாத தலைமுறையும் தூரனுடைய வாழ்நாளுக்குள்ளேயே அடங்கிவிட்டன. உழவர் தோள் சுமை குறைந்தது. அதற்காக எவரும் வருந்தவேண்டுவதில்லை. ஆயின், அச்சேறிய ஏட்டில் சொல் நிற்கும். எருதின் அடிவைப்புக்கேற்ப நீண்டும் குறுகியும் வந்த மூச்சு நில்லாது. அம்மூச்சின் அளவை ஓரளவேனும் அறிய வேண்டுமாயின், அதனைச் செவியிற் கேட்டுப் பின்னர்க் கீர்த்தனை இயற்றிய ஒருவருடைய எடுப்புக்களை உற்று நோக்குதல் ஒரு வழியாகும். சாபுத் தாளங்களில் அவர் சொற்களை நிறுத்தும் இடங்களைக் கணக்கிட்டு, நாட்டுப்பாடல் தொகுப்பின் அடிகளோடு ஒப்பிடும் ஆய்வு எம் மாணவர் எவரேனும் மேற்கொள்ளத்தக்கது.

காவடி மட்டும் நிற்கவில்லை. தைப்பூசத்துக்கும் பங்குனி உத்திரத்துக்கும் பழனிச் சாலையில் இன்றும் மக்கள் நடக்கின்றனர். உடுக்கையும் பம்பையும் இடையிடையே கேட்கின்றன, ஒலிபெருக்கியின் ஓசைக்கு நடுவே. இசையரங்கிலோ 'அழகு தெய்வமாக' என்னும் சிந்து, நீண்ட ஆலாபனைகளும் தனியாவர்த்தனமும் முடிந்தபின், அவையோர் சிலர் எழத் தொடங்கும் நேரத்தில் பாடப்பெறுகின்றது. பாடுவோர் அமர்ந்தபடியே தொடையில் தாளமிடுகின்றனர். பின்வரிசையில் எழுந்து நின்றவர்களுள் ஒருவர் இருவருடைய கால்கள் தம்மையறியாமல் அந்நடைக்கு அசைவதை யாம் பலமுறை கண்டுள்ளோம்.